கொரோனாவுக்குப் பிறகு கடைகளின் ஆன்லைன் வியாபாரம்: கேள்வி பதில்

சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு போய்ச் சேரும் வழிதான் என் துறை. பெருந்தொற்றுக் காலத்தில் கடைகள் ஆன்லைனுக்கு மாறியது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

2020-ல் ஜெயித்த பெரிய கடைகள் எதைச் சரியாகச் செய்தன?

அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடை நிறுவனமான டார்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா வந்தபிறகு விழுந்தடித்து எதையும் கட்டவில்லை. 2017-லேயே 55 கோடி டாலர் கொடுத்து ஷிப்ட் என்ற டெலிவரி நிறுவனத்தை வாங்கினார்கள். ஆப்பில் ஆர்டர் போட்டுவிட்டு வந்தால் வாசலில் நிற்கும் காரிலேயே பையை வைத்துவிடும் டிரைவ் அப் வசதியையும் அந்த வருடமே சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். மக்கள் கடைக்குள் நுழையவே பயந்தபோது இதுதான் கைகொடுத்தது. 2020-ன் கடைசிக் காலாண்டில், ஆன்லைனையும் சேர்த்து, விற்றதில் 95 சதவீதத்துக்கு மேல் கடைகளிலிருந்தே போனது. பக்கத்துக் கடையின் அலமாரிதான் கிடங்கு, அதனால் தூரமும் செலவும் குறைவு. ஆனால் அலமாரியில் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சரியாகத் தெரிய வேண்டும். ஸ்டாக் கணக்கு சரியில்லாமல் ஆன்லைன் பக்கம் போகாதீர்கள்.

புதுசா ஆரம்பிக்க எந்த ஆப் நல்லது சார்?

முதலில் ஸ்டாக் கணக்கு, அப்புறம் ஆப்.

ஆன்லைனில் விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயமா?

2023 அக்டோபரிலிருந்து மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வியாபாரிகளுக்குச் சலுகை உண்டு. மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள், என் துறை இல்லை.

அயர்லாந்தில் தொடங்கிய மலிவு விலைத் துணிக்கடை ப்ரைமார்க் ஆன்லைனே இல்லாமல் தப்பித்ததே? உங்கள் வாதம் அங்கே நிற்கவில்லையே?

மாதம் 65 கோடி பவுண்ட் விற்ற நிறுவனம், 2020 மார்ச்சில் கடைகளை மூடியதும் விற்பனை பூஜ்யம். பின்னால் பெரிய நிறுவனத்தின் பணபலம் இருந்ததால் தாங்கியது.

ஜூனில் திறந்ததும் வாசலில் வரிசை நின்றதே! அவ்வளவு மலிவு விலையில் வீட்டுக்கு அனுப்பினால் டெலிவரியும் ரிட்டர்னும் லாபத்தைத் தின்றுவிடும். அவர்கள் செய்ததுதான் சரி.

வீட்டு டெலிவரி கட்டுப்படியாகாது என்பது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஆன்லைன் என்றாலே வீட்டு டெலிவரி என்று யார் சொன்னது? அதே ப்ரைமார்க் 2022 நவம்பரில் 25 கடைகளில், இணையத்தில் ஆர்டர் போட்டுக் கடையில் வாங்கிக்கொள்ளும் முறையைத் தொடங்கியது. வாடிக்கையாளரே வந்து எடுத்துப் போகிறார், வந்த இடத்தில் இன்னும் நாலு பொருள் பார்க்கிறார். ஜாரா துணிக்கடைகளின் தாய் நிறுவனம் இண்டிடெக்ஸ் 2020 ஜூனில் 1,200 சின்னக் கடைகள்வரை மூடப்போவதாக அறிவித்தபோதே, மூன்றாண்டுகளில் ஆன்லைனுக்கு 100 கோடி யூரோ ஒதுக்கியது. அங்கேயும் கடைச் சரக்கும் இணையச் சரக்கும் ஒரே கணக்கு. கடையா ஆன்லைனா என்று பிரித்துச் சண்டை போடுவதே தப்பு.

நல்ல ஆப் ஒன்று சொல்லுங்களேன்?

மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

ஊரடங்கில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்த மளிகைக் கடைகள் பிறகு ஏன் விட்டுவிட்டன?

சீட்டுக்குப் பதில் மெசேஜ், அவ்வளவுதான் மாறியது. மெசேஜைப் பார்த்துப் பொருளை எடுத்து, இல்லாததற்கு போன் போட்டுக் கேட்டு, பையன் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். கல்லாவில் கூட்டம் திரும்பியதும் இதற்கு ஆள் இல்லை. அப்போது வந்த எண்கள் இன்னும் உங்கள் போனில் இருக்கும். மாதச் சாமான் வாங்குபவர்களை மட்டும் பிரித்தெடுங்கள், அவர்கள் வழக்கமாக வாங்கும் பொருள்களின் இருப்பை மட்டும் தினமும் சரிபாருங்கள், மதியம் கூட்டமில்லாத நேரத்தில் பை கட்டி வையுங்கள். சாயங்காலம் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.