ஊடகத் தொடர்பு வேலை: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

பத்து வருடம் ஒரு கட்சியின் ஊடகப் பிரிவில் இருந்தேன். அதற்குப் பின் ஒரு பெரிய நிறுவனத்தில் செய்தித் தொடர்பாளர். இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மேடம், நான் பொருளாதாரம் படித்தவள். இதழியல் படிக்காமல் வர முடியுமா?

தாராளமாக. என்னிடம் வேலைக்கு வருபவர்களுக்கு நாற்பது பக்க அறிக்கை ஒன்றைக் கொடுத்து, அதில் செய்தி எது என்று ஐந்து வரியில் எழுதச் சொல்வேன். பலர் அறிக்கையைச் சுருக்கித் தருவார்கள். செய்தி இருபத்தேழாம் பக்கத்து அட்டவணையில் ஒளிந்திருக்கும். அதைத் தோண்டி எடுப்பவருக்கு என்ன பட்டம் இருந்தாலும் எனக்குச் சரி. எண்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் குறைவு, அதனால் உங்கள் பொருளாதாரம் கைகொடுக்கும். முடிந்தால் ஆறு மாதமாவது ஒரு செய்தி அறையில் வேலை பாருங்கள். பக்கம் முடிக்கிற நேரத்தில் ஒரு துணை ஆசிரியர் என்ன பாடுபடுகிறார் என்று பார்த்தவர், அந்த நேரத்தில் அவருக்கு போன் போட்டு வழவழவென்று பேசமாட்டார்.

அரசியலுக்கும் நிறுவனத்துக்கும் என்ன வித்தியாசம்?

அரசியலில் வேகம். காலையில் தலைவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு மதியத்துக்குள் எதிர்க்கட்சி பதில் சொல்லியிருக்கும், மாலை விவாதத்துக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். நிறுவனத்தில் எல்லாம் மெதுவாக நகரும். ஒரு செய்திக்குறிப்பு சட்டப் பிரிவு, நிதிப் பிரிவு, மேலதிகாரி என்று மூன்று மேசை தாண்டி வருவதற்குள் அதில் உயிர் போயிருக்கும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் காலாண்டு முடிவு முதலில் சந்தைக்குப் போகும், அப்புறம்தான் நிருபருக்கு. எவ்வளவு நெருங்கிய நிருபர் கேட்டாலும் முன்கூட்டி ஒரு எண்ணைக்கூடச் சொல்லக் கூடாது.

பொய் சொல்லச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

எனக்கு வந்த கேள்விகளில் பாதி இதுதான்.

1974 ஆகஸ்டில் ஜெரால்ட் ஃபோர்டு அமெரிக்க அதிபரானதும், ஜெரால்ட் டெர்ஹோர்ஸ்ட் என்ற பத்திரிகையாளரைத் தன் செய்திச் செயலாளராக வைத்துக்கொண்டார். ஒரே மாதம்தான். வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகிய முன்னாள் அதிபர் நிக்சனுக்கு, செப்டம்பர் 8 அன்று ஃபோர்டு பொதுமன்னிப்பு அளித்தார். அப்படி ஒரு முடிவு உருவாகிறது என்பதே டெர்ஹோர்ஸ்டுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவந்தது. மனசாட்சிப்படி இதை ஆதரித்துப் பேச முடியாது என்று பதவியை விட்டு விலகினார். புதிதாகச் சேருபவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன். பொய் சொல்லச் சொல்லி நேரடியாக உத்தரவு வருவது அபூர்வம். உள்ளே நடப்பதை உங்களிடம் சொல்லாமல் விடுவார்கள். நீங்கள் நல்ல நம்பிக்கையோடு நிருபரிடம் தவறான தகவலைச் சொல்லிவிடுவீர்கள். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஒரு ஆலையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு. இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒரு நிருபர் அழைத்தார். "அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிடு" என்றார் மேலதிகாரி. எனக்கு விஷயம் தெரியும். "அதைப் பற்றி இன்று என்னால் பேச முடியாது" என்று மட்டும் நிருபரிடம் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது, மறுநாள் எழுதிவிட்டார். மேலதிகாரி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மூடல் அறிவிப்பு வந்த அன்று அதே நிருபர் தொழிலாளர்களுக்கான இழப்பீட்டு விவரத்தை என்னிடம் கேட்டு, நான் சொன்னதை அப்படியே போட்டார். "இல்லை" என்று அன்று சொல்லியிருந்தால் அந்த விவரத்தை யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

"தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்", "தெரியும், சொல்ல முடியாது" இரண்டும் நேர்மையான பதில்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்றால் கட்டாயம் திரும்ப அழைக்க வேண்டும்.

தலைவர் பேசாததை அவர் பெயரில் எழுதலாமா?

எழுதிக் காட்டி, அவர் படித்து ஒப்புக்கொண்டால் எழுதலாம். அது அன்றாட வேலை. அவருக்குத் தெரியாமல் கூடாது. 1985இல் ஜெனீவாவில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் சந்தித்தபோது, ரீகன் சொல்லாத வாக்கியங்களை அவர் சொன்னதாக அவருடைய செய்தித் தொடர்பாளர் லாரி ஸ்பீக்ஸ் நிருபர்களுக்குக் கொடுத்தார். 1988இல் அவரே அதை எழுதி ஒப்புக்கொண்டார். அப்போது அவர் மெரில் லிஞ்ச் என்ற நிதி நிறுவனத்தில் தகவல் தொடர்புத் தலைவர். அந்த வேலையும் போயிற்று.

"ஆஃப் தி ரெக்கார்டு", அதாவது வெளியிடுவதற்கு அல்ல, என்று சொல்லிவிட்டால் பாதுகாப்புதானே?

பேசுவதற்கு முன்னால் நீங்கள் சொல்லி, நிருபரும் சரி என்றால்தான். பேசி முடித்துவிட்டு "இதைப் போடாதீர்கள்" என்பது வேண்டுகோள்தான். அவர் மறுக்கலாம்.

விபத்து மாதிரி நெருக்கடி வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

நான்கே வரி எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம், அடுத்து எத்தனை மணிக்குப் பேசுவோம். காரணத்தை ஊகிக்காதீர்கள். எண்ணிக்கையை இரண்டு பேர் சரிபார்க்காமல் வெளியே விடாதீர்கள். சொன்ன நேரத்துக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் வந்து நில்லுங்கள்.

1906இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் கவிழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில் நிறுவனத்துக்காக ஐவி லீ என்ற மக்கள் தொடர்பாளர் தந்த அறிக்கையைத்தான் முதல் செய்திக்குறிப்பு என்று பலரும் சொல்கிறார்கள். மறைக்காமல் தானே முந்திச் சொல்வது அன்றைக்குப் புதுசு.

ஆனால் நல்ல அறிக்கை கெட்ட முடிவைக் காப்பாற்றாது. 1982இல் சிகாகோ பகுதியில் யாரோ சயனைடு கலந்த டைலனால் என்ற வலி மாத்திரையால் ஏழு பேர் இறந்தபோது, அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. மக்கள் நம்பியது அந்தச் செயலை. 2010இல் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்து, எண்ணெய் கடலில் கொட்டிக்கொண்டிருந்தபோது, எண்ணெய் நிறுவனமான பி.பி.யின் தலைவர் டோனி ஹேவர்ட் தனக்குத் தன் வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று கேமரா முன் சொன்னார். அத்தனை நாள் தந்த விளக்கமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. களைத்துப்போன ஆளை மைக் முன் அனுப்பாதீர்கள், அதைத் தடுப்பதும் உங்கள் வேலை.

வந்த செய்தியின் அளவை விளம்பரக் கட்டணமாகக் கணக்கிட்டுக் காட்டச் சொல்கிறார்கள். சரியா?

வேண்டாம். 2010இல் பார்சிலோனாவில் இந்தத் துறையினரே கூடி, அந்தக் கணக்கு நம் வேலையின் மதிப்பாகாது என்று அறிவித்தார்கள். செய்தியைப் படித்தவர்களுக்கு என்ன புரிந்தது, என்ன மாறியது என்று பாருங்கள்.

அக்கா, அடுத்த வாரம் எனக்கு நேர்முகத் தேர்வு. நான் அவர்களிடம் என்ன கேட்கலாம்?

முடிவெடுக்கும் கூட்டத்தில் உங்களுக்கு இடம் உண்டா, முடிவான பிறகு கூப்பிட்டுச் சொல்வார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், இதே நாற்காலியில் முன்பு இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார் என்றும் கேட்டுவிடுங்கள்.