பி.காம். படித்த மகளுக்கு சாப்ட்வேர் கம்பெனியில் என்ன வேலை?

ஐயா, உங்கள் கடிதத்தில் ‘டேட்டா என்ட்ரி’ என்று இரண்டு இடத்தில் எழுதி, இரண்டாவது இடத்தில் அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள். பி.காம். முடிக்கப்போகும் மகளுக்குச் சென்னையில் ஒரு கம்பெனி வேலை தருகிறது. பேர்தான் சாப்ட்வேர் கம்பெனி, கோடிங் கிடையாது, நாள் முழுக்க ஊர்பேர் தெரியாத பிரைவேட் கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டுமாம். இதற்கா மூன்று வருஷம் படிக்கவைத்தேன் என்று கேட்கிறீர்கள்.

விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் என்று எழுதியிருப்பதால், உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். புதுப் பார்ட்டி ஒருவர் முப்பது நாள் கடனில் சரக்கு கேட்டால் என்ன செய்வீர்கள்? பஜாரில் நாலு பேரிடம் விசாரிப்பீர்கள். ஆள் எப்படி, பணம் ஒழுங்காக வருமா, யாருக்காவது செக் திரும்பியதா? அந்த விசாரிப்பைத்தான் இந்தக் கம்பெனிகள் சாப்ட்வேராக்கி, வங்கிகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் கடனில் சரக்கு அனுப்பும் பெரிய நிறுவனங்களுக்கும் சந்தா வாங்கிக்கொண்டு தருகின்றன. சின்னத் தொழில் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வேலையைச் செய்யும் பியூரோ வான் டைக் என்ற ஐரோப்பிய நிறுவனத்தை 2017இல் மூடிஸ் என்ற அமெரிக்கக் கடன்தர மதிப்பீட்டு நிறுவனம் சுமார் 300 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. நம் பக்கம் இதே தொழில் செய்யும் பெங்களூரின் டிராக்ஸன் 2022இல் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. சென்னையில் வென்ச்சர் இன்டெலிஜென்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது.

அமெரிக்காவில் பெரும்பாலான பிரைவேட் கம்பெனிகள் கணக்கை வெளியே காட்டத் தேவையில்லை. அதனால் 1998இல் தொடங்கிய, வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரைச் சேர்ந்த சேஜ்வொர்க்ஸ் என்ற கம்பெனி வேறு வழி பிடித்தது. ஆடிட்டர்களுக்கும் வங்கிகளுக்கும் கணக்கை அலசும் சாப்ட்வேரைக் கொடுத்து, அதில் ஏறிய கணக்குகளைப் பேர் நீக்கித் தொகுத்து, இந்தத் தொழிலில் லாபம் சராசரியாக இவ்வளவு என்று சொன்னது. (இன்று அது அப்ரிகோ என்ற நிறுவனத்துக்குள் இருக்கிறது.) இங்கே அந்தச் சுற்றுவழி வேண்டாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, பிரைவேட் லிமிடெட்டும் வருஷாவருஷம் ஏஓசி-4 படிவத்தில் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நூறு ரூபாய் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்ட்னர்ஷிப் கடைகளுக்கு இது கிடையாது. உங்கள் கடை அப்படி என்றால் மகளே தேடினாலும் கிடைக்காது!

சரி, எல்லாம் பொதுவில் இருக்கும்போது காசு கொடுத்து வாங்குவானேன்? பெரிய கம்பெனிகளின் கணக்கு எக்ஸ்பிஆர்எல் என்ற கம்ப்யூட்டர் வடிவில் வரும், மெஷினே படித்துக்கொள்ளும். சின்னக் கம்பெனிகள் பல வருஷமாக பிடிஎப் ஆகத்தான் ஏற்றிவந்தன. பாதி கோணல் ஸ்கேன், ஆடிட்டரின் சீல் சரியாக மொத்தத் தொகையின் மேல் விழுந்திருக்கும். வலது மூலையில் பொடி எழுத்தில் ‘ஆயிரங்களில்’ என்றோ ‘லட்சங்களில்’ என்றோ இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் 40 லட்ச ரூபாய்க் கம்பெனி 40 கோடி ரூபாய்க் கம்பெனி ஆகிவிடும்.

அதையாவது இன்றைய ஏஐ ஓரளவு பிடித்துவிடுகிறது. அடுத்ததுதான் உங்கள் மகள் படித்த படிப்பின் வேலை. ஒரு கம்பெனி, நல்ல லாபம் காட்டுகிறது. வரவேண்டிய பாக்கி மட்டும் விற்பனையில் பாதிக்கு நிற்கிறது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போய், பின்னால் ‘ரிலேட்டட் பார்ட்டி’ (கம்பெனிக்கு வேண்டப்பட்டவர்களோடு நடந்த வியாபாரம்) குறிப்பைப் பார்த்தால், சரக்கு போனது அதே டைரக்டரின் இன்னொரு கம்பெனிக்கு. விற்றதும் வாங்கியதும் ஒரே வீடு. இதைப் பார்த்து ‘இங்கே ஏதோ இடிக்கிறது’ என்று கொடி காட்டத் தெரிந்த ஆளுக்குத்தான் சம்பளம் ஏறும். கோடிங் தெரிந்து கணக்கு தெரியாதவருக்கு இது பிடிபடாது.

ஆனால் உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. இதே பேரில் வெறும் டைப்பிங் வேலையும் நடக்கிறது, அது மெஷினிடம் போகப்போகிற வேலை. எது எது என்று கண்டுபிடிக்க, இன்டர்வியூவில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “ஒரு நாளைக்கு எத்தனை கம்பெனி முடிக்கணும் சார்?” நாற்பது, ஐம்பது என்று பதில் வந்தால் யோசியுங்கள். அவ்வளவு வேகத்தில் யாரும் குறிப்புகளைப் படிக்க முடியாது. அதைவிட நல்ல அடையாளம், தேர்வில் ஒரு பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்து எங்கே தப்பு என்று கேட்பது.

ஆரம்பச் சம்பளம், கோடிங் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பையனைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதைக் கல்யாண வீட்டில் ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு மூன்று வருஷத்தில் வங்கியின் கடன் பரிசீலனைப் பிரிவுக்கோ, ஆடிட் நிறுவனத்தின் டிரான்ஸ்பர் பிரைசிங் பிரிவுக்கோ (ஒரே குழுமத்தின் கம்பெனிகள் தங்களுக்குள் வைக்கும் விலை நியாயமா என்று பார்க்கும் பிரிவு) மாறலாம். அங்கே ஒரே மாதிரிக் கம்பெனிகளை ஒப்பிட இந்த டேட்டாபேஸ்களைத்தான் தினமும் திறப்பார்கள். கூடவே சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுன்டன்ட்) படிப்பின் இன்டர் தேர்வை எழுதினால் நல்லது. எக்செல் கை பழகட்டும், அப்புறம் டேட்டாபேஸில் தேடி எடுக்க உதவும் எஸ்க்யூஎல். அறுபதாயிரம் ரூபாய் ‘டேட்டா சயின்ஸ்’ கோர்ஸ் இப்போது வேண்டவே வேண்டாம்.

இன்டர்வியூவுக்கு முன் நூறு ரூபாய் செலவழியுங்கள். உங்களிடம் கடன் வாங்கும் பிரைவேட் லிமிடெட் பார்ட்டி ஒன்றின் கணக்கை எடுத்து அவளிடம் கொடுங்கள். கம்பெனியின் 21 எழுத்துப் பதிவெண்ணிலிருந்து (சிஐஎன்) ஆரம்பிக்கட்டும்: முதல் எழுத்து யு (U) என்றால் பங்குச்சந்தையில் இல்லாதது, நடுவில் வரும் நான்கு இலக்கம் தொடங்கிய வருஷம். அப்புறம் ஒரே கேள்வி: “இவருக்கு இன்னும் அஞ்சு லட்சத்துக்குச் சரக்கு அனுப்பலாமாம்மா?” அவள் பதிலை ஒரு பக்கம் எழுதி இன்டர்வியூவுக்குக் கொண்டுபோகட்டும், பார்ட்டியின் பேரை மட்டும் அடித்துவிட்டு.

ஷிப்ட் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் ராத்திரி ஆகலாம், வீட்டுக்குக் கொண்டுவிட கம்பெனி வண்டி உண்டா என்று விசாரியுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.