மாஷ் பதில்கள்: ஆட்டுக்காலும் டி.வி. திரையும்

கேள்வி: மாஷ், வேலந்தாவளம் சந்தைப் பக்கம் சாயங்காலம் ஆட்டுக்கால் சூப் கடை போடுகிறேன். கல்லூரியில் படிக்கிற மகன், "அம்மா, நீ கொதிக்க வைக்கிற எலும்பும் நம்ம டி.வி. திரையும் சொந்தக்காரங்க. ரெண்டுமே திரவப் படிகம்" என்கிறான். கிண்டல் பண்ணுகிறானா?

பதில்: கிண்டல் இல்லை அக்கா, பாதி சரி. மீதிப் பாதிக்காக அவனை ஒரு நாள் எலும்பு கழுவ விடுங்கள்.

திரவப் படிகம் என்ன என்பதை உங்கள் சந்தையிலேயே பார்க்கலாம். பெரிய கூடையில் பத்து முருங்கைக்காய் போட்டால் கண்டபடி கிடக்கும். கூடை நிறையப் போட்டுக் குலுக்குங்கள். இடம் பத்தாமல் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுக்கும். முன்னும் பின்னும் நழுவலாம், அந்த வகையில் திரவம். திசை மாறக் கூடாது, அந்த வகையில் படிகம். மெல்லிய கோல்கள் நெரிசலில் இப்படித்தான் படுத்தாக வேண்டும் என்று லார்ஸ் ஆன்சாகர் என்ற வேதியியலாளர் 1949இல் கணக்கே போட்டுக் காட்டினார்.

எலும்பிலும் தோலிலும் ஜவ்விலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் அப்படியொரு கோல்தான். நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). முருங்கைக்காய் தோற்றுப்போகும் ஒல்லி! மூன்று இழை முறுக்கிய கயிறு அது. அந்த முறுக்கை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்னவர் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர், நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்று நான் உரிமை கொண்டாடுவதுண்டு. கூட உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. இருவரும் எக்ஸ் கதிரில் பார்த்தவற்றில் கங்காரு வால் ஜவ்வும் ஒன்று.

முறுக்கு இருப்பதால்தான் கதை சுவாரசியமாகிறது. மரையுள்ள இரண்டு போல்ட்டுகளைப் பக்கத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். மரையோடு மரை பொருந்த வேண்டுமென்றால் ஒன்று கொஞ்சம் சாய வேண்டும். கொலாஜனும் அப்படியே. ஒரு அடுக்கு நேராகப் படுத்தால் அடுத்தது சற்றுத் திரும்பிப் படுக்கும், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். சுழல் படிக்கட்டு மாதிரி. நண்டு ஓட்டைச் சீவினால் தெரிகிற வில் வில்லான கோடுகள் இந்தத் திருப்பத்தால் வருபவை என்று 1972இல் இவ் பூலிகான் என்ற பிரெஞ்சு உயிரியலாளர் விளக்கினார். நண்டு ஓட்டில் இருப்பது கைட்டின் என்ற வேறு நார்ப்பொருள், ஆனால் எலும்பின் கொலாஜனிலும் அதே வில்கள். அமிலத்தில் கரைத்த கொலாஜனைக் கெட்டியாக்கினால் உயிருள்ள செல் எதுவும் இல்லாமலே அதே அடுக்கு உருவாகிறது. அதனால் உடம்பும் இந்த வித்தையைப் பயன்படுத்துகிறது என்ற கட்சிதான் நான். ஆனாலும் வேலை முழுவதும் நெரிசலுக்கே சொந்தமில்லை, செல்களும் இழுத்து வரிசைப்படுத்துகின்றன.

மகன் கோட்டை விட்ட இடம் இது: டி.வி. திரைக்குள் இருப்பது இன்னும் ஓடுகிற திரவம், மின்சாரம் பட்டால் திரும்பும். எலும்பில் அந்த வரிசை சுண்ணாம்புச் சத்து ஏறி உறைந்துபோய்விட்டது. அச்சு மட்டும்தான் மிச்சம்.

சொந்தம் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? போன ஞாயிற்றுக்கிழமை கட்லா வாங்கினேன். ஒரு செதிலைக் கழுவிக் காயவைத்தேன். லேப்டாப் திரையை வெள்ளையாக்கி, போலராய்டு கூலிங் கிளாஸை அதன் முன் பிடித்துத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அப்போது செதிலை இரண்டுக்கும் நடுவில் நீட்டினேன். சுற்றிலும் கறுப்பு, செதில் மட்டும் மினுங்கியது. செதிலில் உள்ள கொலாஜன் அடுக்குகள் ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றிவிடுகின்றன, டி.வி. திரை செய்வதும் அதைத்தான். சமையலறையில் மீன் நாற்றம் என்று வீட்டில் திட்டு விழுந்தது, அது தனி.

இனி உங்கள் சூப்புக்கு வருவோம். மணிக்கணக்காகக் கொதித்தால் மூன்று இழையும் பிரிந்து ஜெலட்டின் ஆகிவிடும். கோலே இல்லை, அப்புறம் வரிசை எங்கே? ஆக, கழுவி வைத்த எலும்புக்கு மகன் சொன்னது பாதி பொருந்தும், கிண்ணத்தில் ஊற்றும் சூப்புக்குப் பொருந்தாது. மறுநாள் காலையில் சட்டியடியில் தளதளவென்று உறைந்து கிடக்குமே, அதில் அங்கங்கே கொஞ்சம் பழைய முறுக்கு திரும்பியிருக்கும்.

கேள்வி: அப்படியானால் சூப் குடித்தால் அந்தக் கொலாஜன் நேராக முழங்காலுக்குப் போகுமா? வாடிக்கையாளர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன்.

பதில்: போகாது அக்கா. வயிறும் குடலும் அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். மிளகு நன்றாக இருக்கிறது என்று சொல்லி விற்றுக்கொள்ளுங்கள், அது உண்மை.