எது காணாமல் போனாலும் தம்பி பையைத்தான் தேடுகிறார்கள்

மேடம், எனக்கு 22 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தம்பிக்கு 13, எட்டாம் வகுப்பு. போன வருஷம் தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினோம். வாசிக்கத் திணறுவான், பையன்கள் அதே மாதிரி வாசித்துக் காட்டிச் சிரிப்பார்களாம். ஒருநாள் ஒருத்தனை அடித்துவிட்டான். அன்றிலிருந்து கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள், வகுப்பில் எது காணாமல் போனாலும் முதலில் இவன் பையைத்தான் கொட்டிப் பார்க்கிறார்கள். அப்பாவும் "ரவுடிப் பயலே" என்றுதான் கூப்பிடுகிறார். போன வாரம் சாப்பிடும்போது சித்தி பையன் கால் தட்டில் பட்டுவிட்டது, உடனே எழுந்து அவனைத் தள்ளிவிட்டான். ஏன்டா என்றால் "எப்படியும் என்னைத்தான் சொல்லப் போறீங்க" என்கிறான். அவன் குணமே இப்படி ஆகிவிட்டதா?

அன்புள்ள சகோதரிக்கு,

குணம் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பாருங்கள்: முதலில் கேலி, அதில் அவமானம், அப்புறம் அடி, அடித்ததற்குத் தனி பெஞ்ச், அதில் இன்னும் அவமானம். அவன் அடித்தது எல்லோர் கண்ணிலும் பட்டது, அதற்கு முன்னால் நடந்த கேலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தட்டில் கால் பட்ட விஷயம்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. கென்னத் டாட்ஜ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980இல் இதைத்தான் ஆராய்ந்தார். தெரியாமல் நடந்ததா, வேண்டுமென்றே செய்ததா என்று புரியாத நேரத்தில், முரடன் என்று பெயர் வாங்கிய பையன்கள் அதை வேண்டுமென்றே செய்ததாகவே எடுத்துக்கொண்டார்கள், அதே செயலை அந்தப் பையன்கள் செய்ததாகச் சொன்னால் மற்ற பையன்களும் அப்படியேதான் நினைத்தார்கள். உங்கள் தம்பி இரண்டு பக்கமும் மாட்டியிருக்கிறான். தினமும் பையைக் கொட்டிப் பார்க்கும் இடத்தில் இருப்பவனுக்கு, வீட்டில் தவறிப் பட்ட காலும் தாக்குதலாகத்தான் தெரியும்.

அதற்காகத் தள்ளியது சரியாகிவிடாது. கோபம் அடங்கிய பிறகு, அப்பா இல்லாத நேரத்தில், "அவன் வேணும்னே செஞ்சானா, தெரியாம பட்டுச்சா, நீ என்னடா நினைக்கிற?" என்று கேளுங்கள், பதில் வர நேரம் ஆகும், விடுங்கள். சித்தி பையனிடம் அவன் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் "ரவுடி" என்ற வார்த்தை வீட்டில் இன்றோடு நிற்க வேண்டும். இதை அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள், சம்பாதிக்கிற மகள் சொன்னால் காதில் ஏறும்.

பள்ளிக்கு அப்பாவையும் கூட்டிப் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். கேலி நடப்பதைச் சொல்லி, தனி பெஞ்சையும் பை சோதனையையும் நிறுத்தச் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. அவர்கள் கேட்காவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் பேசலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவே வெளிப்படலாம். தூக்கமும் சாப்பாடும் மாறி, பிடித்த விளையாட்டையும் விட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.