ஃபோகஸ் முக்கியமா, உணர்வு முக்கியமா?

கேள்வி: ஒரு புகைப்படத்தைக் கலையாக மதிப்பிடும்போது தொழில்நுட்ப நேர்த்தியைப் பார்க்க வேண்டுமா, மனதைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டுமா?

கடலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்று ஓடுவது போக, இங்கேயும் புதுச்சேரியிலும் கல்லூரிப் போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிடுவார்கள். போனதும் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். ஃபோகஸுக்கு இத்தனை மார்க், வெளிச்சத்துக்கு இத்தனை, உணர்வுக்கு இத்தனை. இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டுவிட்டால் எது பெரியது என்ற சண்டை வரத்தான் செய்யும். என்னைக் கேட்டால், உணர்வு நம்மிடம் வந்து சேருவதே தொழில்நுட்பத்தின் வழியாகத்தான். படம் எவ்வளவு ஷார்ப்பாக இருக்கிறது என்பது அதில் ஒரு சின்னப் பங்கு.

எங்கள் ஊரில் எடுத்த படத்தையே பார்ப்போம். சுனாமி அடித்து இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் அர்கோ தத்தா கடலூரில் எடுத்தது. அந்த ஆண்டின் சிறந்த படமாக வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ விருது வாங்கியது. உறவைப் பறிகொடுத்த ஒரு பெண் மணலில் குப்புறச் சாய்ந்து கிடக்கிறார். உள்ளங்கைகள் இரண்டும் மேலே பார்த்து விரிந்திருக்கின்றன. இறந்தவரின் உடலைக் காட்டவில்லை, ஓரத்தில் கை மட்டும் தெரிகிறது. மீதி எல்லாம் வெறும் மணல். அந்த வாரம் பிணங்களை வரிசையாகக் காட்டிய படங்கள் எத்தனையோ வந்தன, பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இதை விட்டுக் கண் நகரவில்லை. எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று அந்தச் சில வினாடிகளில் எடுத்த முடிவு முழுக்க முழுக்கத் தொழில். ஓரத்தில் இருக்கும் கையையும் வெட்டியிருந்தால், அந்தப் பெண் யாருக்காக அழுகிறார் என்பதே படத்தில் இருந்திருக்காது.

அதனால்தான் ‘மனதைத் தொட்டுவிட்டது, அது போதும்’ என்கிற பக்கமும் நான் சாய்வதில்லை. சுருக்கம் விழுந்த பாட்டி முகமும் கையேந்தும் முதியவரும் வராத போட்டியே கிடையாது. பார்த்ததும் நெஞ்சு இளகும், அது நியாயமும்கூட. ஆனால் அந்த இளக்கம் அந்த மனிதரின் நிலைமைக்காக வருவது. அதை எடுத்தவர் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு தடவை ‘கடைசிப் புன்னகை’ என்று தலைப்பிட்ட படம் வந்தது. பக்கத்தில் இருந்த நடுவருக்குக் கண் கலங்கிவிட்டது. தலைப்பைக் கையால் மூடிக் காட்டினேன். ஜன்னலோரம் ஒரு பெரியவர் சிரிக்கிறார், அதற்கு மேல் அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை.

அப்புறம் புதுச்சேரிக் கடற்கரையின் பழைய துறைமுகப் பாலம். 2022 மார்ச்சில் கடல் கொந்தளித்து ஒரு பகுதி இடிந்து விழும்வரை, விடியற்காலையில் அங்கே ட்ரைபாட் இல்லாத நாளே இருக்காது. வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டரை லென்ஸில் போட்டு முப்பது வினாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் கடல் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடும், நடுவே தூண்கள் வரிசையாக நிற்கும். குறை சொல்ல ஒரு இடம் இருக்காது. பாலத்தைச் சாய்த்தது அலை. இந்தப் படங்களில் இல்லாததும் அந்த அலைதான். ஒருவர் எடுத்ததில் இன்னொருவர் பெயரைப் போட்டாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

குறை என்று எதைச் சொல்வது என்பதில்தான் எனக்குப் பெரிய வழக்கு. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலத்தை ஒரு மாணவி எடுத்து அனுப்பியிருந்தார். வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஏகத்துக்கு ஏற்றியதால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ். ஷட்டர் திறந்திருந்தது 1/15 வினாடி. ஏலம் கேட்கிற அம்மாவின் முகம் அசையாமல் நிற்கிறது, நீட்டிய கை மட்டும் கலைந்து ஓடுகிறது. கை ஷார்ப்பாக இல்லை என்று இன்னொரு நடுவர் மார்க்கைக் குறைத்தார். நான் விடவில்லை. 1/500 வினாடியில் எடுத்திருந்தால் அந்தக் கை போஸ் கொடுத்த கையாக ஆகியிருக்கும், ஏலத்தின் அவசரமே போயிருக்கும். அதே மாணவியின் இன்னொரு படத்தில் கேமராவே ஆடிவிட்டது. முகம், கூடை, தரை எல்லாம் ஒரே திசையில் இழுபட்டு, யார் யாரிடம் பேசுகிறார் என்றே தெரியவில்லை. அதற்கு நானே மார்க்கைக் குறைத்தேன். இரண்டும் மங்கல்தான், ஆனால் முதலாவது ஒன்றைக் காட்டுகிறது, இரண்டாவது மறைக்கிறது.

பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைத் தாண்டும் ஆளை 1932ல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் எடுத்த படத்திலும் தாண்டுகிறவர் மங்கலாகத்தான் இருக்கிறார். (1950ல் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் படமெடுத்தவரும் இவர்தான்.) குதிகால் தண்ணீரைத் தொடப் போகிற அந்த நொடி அவருக்குக் கிடைத்துவிட்டது. அங்கே ஃபோகஸுக்காக மார்க்கைக் குறைக்க எனக்குக் கை வராது.

இப்போதெல்லாம் போட்டிக்குப் போனால் மார்க் தாளை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். தலைப்புகளை மறைத்து எல்லாப் படங்களையும் ஒரு சுற்று பார்ப்பேன். மறுபடி பார்க்கத் தோன்றுவதைத் தனியே எடுத்து வைத்து, ஏன் தோன்றியது என்று ஃபிரேம், வெளிச்சம், ஷட்டர் என ஒவ்வொன்றாகத் தேடுவேன். காரணம் படத்துக்குள்ளேயே கிடைத்தால் முழு மார்க் போடுவேன், கை மங்கலாக இருந்தாலும் சரி.