15 லிட்டர் சிலிண்டர் வேண்டாம், தம்பி

ஸ்கூபா டைவிங்கில் 18 மீட்டர் ஆழத்தில் 25 நிமிடத்தில் சிலிண்டரின் காற்றழுத்தம் 50 பாருக்கு வந்துவிடுகிறது, குளச்சலில் 15 லிட்டர் சிலிண்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் உடல் எடை 52 கிலோ என்கிறீர்கள். வாங்காதீர்கள் தம்பி.

கணக்கைப் பாருங்கள். இப்போதுள்ள உங்கள் ‘அலுமினியம் 80’ சிலிண்டர் கிட்டத்தட்ட 11 லிட்டர். 200 பாரில் தொடங்கினால் செலவானது 150 பார், அதாவது 1650 லிட்டர் காற்று. அந்த ஆழத்தில் அழுத்தம் 2.8 பார். அதாலும் 25 நிமிடத்தாலும் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 24 லிட்டர் இழுக்கிறீர்கள். புதியவருக்கு இது சாதாரணம்தான். 15 லிட்டர் சிலிண்டர் தருவது ஏறக்குறைய ஒன்பது நிமிடம் கூடுதல். அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு அலையடிக்கும் வள்ளத்தில் ஏறுவது உங்கள் உடம்புக்குப் பெரும் சிரமம்.

காற்று ஏன் இவ்வளவு போகிறது? மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடை அதிகமாக இருக்கும், அதைச் சுமந்து நீந்த மூச்சும் அதிகம் வாங்கும் என்று நினைக்கிறேன். அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது மிதக்கப் பார்க்கும், அதற்குப் பயந்து பலர் தேவைக்கு மேல் கட்டிக்கொள்வார்கள். 50 பாருடன் 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பயிற்றுநரோடு சேர்ந்து பாருங்கள். முடிந்தால் ஒவ்வொரு கிலோவாகக் குறையுங்கள்.

அப்புறம், எந்த சிலிண்டர் என்றாலும் கையிருப்பான அந்த 50 பாரைத் தொடாதீர்கள்.