தனி கோர் கேட்கும் தம்பிக்கு

ஐயா வணக்கம்,

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். பகலில் ஓசூரில் கம்பெனி வேலை. இரவில் பம்பை, உடுக்கை ஒலிகளை வைத்து ஒரு ஆடியோ பிளக்இன், அதாவது இசை மென்பொருளுக்குள் சேர்ந்து ஓடும் சின்ன நிரல், எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து டிராக்கில் போட்டால் சத்தம் பட்பட்டென்று வெடிக்கிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. சிபியுவுக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்களில் ஒன்றை என் பிளக்இன்னுக்கு மட்டும் ஒதுக்குவது எப்படி? வேலையை ஒரே நேரத்தில் ஓடும் நான்கு த்ரெட்டாகப் பிரிக்கலாமா? சி பிளஸ் பிளஸ்ஸை விட்டு ரஸ்ட் மொழிக்குப் போகலாமா? இதற்கெல்லாம் பெங்களூர் போனால்தான் எதிர்காலம் என்கிறார்களே? நிரலை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள தம்பி,

பம்பைக்கு ஒருவன் பிளக்இன் எழுதுகிறான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நிரலைத் திறந்ததும் கோபம் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோர் ஒதுக்குவது உன் வேலை இல்லை, உன் பிளக்இன்னை ஓட்டும் இசை மென்பொருளான ஹோஸ்டின் வேலை. எந்த டிராக்கை எந்த கோரில் ஓட்டுவது என்று ரீப்பரோ ஏபிள்டனோ பார்த்துக்கொள்ளும். ஐந்து டிராக்கில் நீ நான்கு நான்கு த்ரெட் திறந்தால் இருபது த்ரெட் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அதிலும் 2020இல் ஆப்பிள் எம்1, 2021இல் இன்டெல்லின் 12ஆம் தலைமுறை வந்ததிலிருந்து ஒரே சிப்பில் பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு வகை. நீ பிடிவாதமாகக் கட்டிவைக்கிற கோர் சின்னதாக இருந்தால் என்ன செய்வாய்? ரஸ்ட், பெங்களூர் இரண்டையும் விடு. வெடிக்கிற சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த 20 சதவீதத்துக்கு வருவோம். ஒரு செகண்ட் சத்தத்தை 48000 சாம்பிளாக, அதாவது எண்ணாக, வெட்டி (48000 ஹெர்ட்ஸ்) 128 சாம்பிள் கொண்ட பஃபராகக் கைமாற்றினால் ஹோஸ்ட் உன்னை ஒரு செகண்டுக்கு 375 முறை கூப்பிடும், ஒவ்வொரு முறையும் உனக்குக் கிடைப்பது சுமார் 2.67 மில்லி செகண்ட், அதையும் மற்ற பிளக்இன்களோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 374 முறை சீக்கிரம் முடித்துவிட்டு ஒரே ஒரு முறை நீ பிந்தினால் அந்த இடத்தில் சத்தம் வெடிக்கும். டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரி, அதில் அந்த ஒரு முறை தெரியவே தெரியாது. சிபியு சும்மாதானே இருக்கிறது என்று நீயும் நம்பிவிடுகிறாய்.

பாப்பாரப்பட்டி பக்கம் சின்ன வயதில் பாரதக் கூத்து நடக்கும்போது நான் மிருதங்கக்காரரை ஒட்டித்தான் உட்காருவேன். மிருதங்கத்தின் தொப்பியில் (இடது முகத்தில்) ரவை பூசுவது, வார் இழுப்பது, டீ குடிப்பது எல்லாம் ஆட்டம் தொடங்குவதற்கு முன், இல்லையென்றால் கட்டியங்காரன் கேலி பேசிக்கொண்டிருக்கும்போது. பாட்டு எடுத்துவிட்டால் ஊர்ப் பெரியவரே பத்து ரூபாய் நோட்டை நீட்டினாலும் கை போகாது. அவர் பாயில் வைத்துவிட்டுப் போவார், இவர் பாட்டு முடிந்ததும் எடுத்துக்கொள்வார். பெரியவரும் காத்திருக்கவில்லை, தாளமும் நிற்கவில்லை. ஒரு த்ரெட் போட, இன்னொரு த்ரெட் எடுக்க, யாரும் யாருக்காகவும் காத்திருக்காத மெமரி இடமான ரிங் பஃபர் இதுதான். அதை உன் நிரலில் தேடிப் பார்த்தேன், இல்லை.

இருப்பது என்ன? ஹோஸ்ட் கூப்பிடும்போதெல்லாம் ஓடும் ஆடியோ கால்பேக்குக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாக மெமரி கேட்கிறாய், டிஸ்கிலிருந்து பம்பை சாம்பிளை (பதிவு செய்த ஒலியை) படிக்கிறாய், லாக் ஃபைலில் எழுதுகிறாய், போதாததற்கு திரையில் அலை வரைய ஒரு மியூட்டெக்ஸ், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு. முதல் மூன்றையும் கால்பேக்குக்கு வெளியே தள்ளு: மெமரியை முன்பே எடுத்து வை, சாம்பிள்களின் தொடக்கத்தை மெமரியில் வைத்துக்கொண்டு மீதியை வேறு த்ரெட்டில் படி, லாக்கை எடுத்துவிடு. அந்த மியூட்டெக்ஸைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. திரை வரையும் த்ரெட்டுக்கு முன்னுரிமை குறைவு. அது பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில் ஆன்டிவைரஸ் மாதிரி ஏதோ ஒன்று நடுவில் புகுந்து அதை ஓரங்கட்டினால், எல்லாரையும் விட அவசரமான உன் ஆடியோ த்ரெட் அந்த ஆன்டிவைரஸ் முடிகிற வரைக்கும் கைகட்டி நிற்கும். 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் இதே காரணத்தால்தான் அடிக்கடி ரீசெட் ஆனது. வானிலைத் தகவல் சேகரிக்கும் சின்ன வேலை ஒரு மியூட்டெக்ஸைப் பிடித்திருக்க, நடுத்தர முன்னுரிமை உள்ள வேலை ஒன்று இடையில் புகுந்துகொள்ள, முக்கியமான வேலை காத்துக் கிடந்தது. காத்திருக்கும் வேலையின் முன்னுரிமையைப் பூட்டைப் பிடித்திருக்கும் வேலைக்குக் கடன் கொடுக்கும் அமைப்பைப் பூமியிலிருந்து இயக்கிவிட்டுச் சரிசெய்தார்கள். உன் சி பிளஸ் பிளஸ் மியூட்டெக்ஸில் அப்படி ஓர் உத்தரவாதமே கிடையாது. அலையை அந்த ரிங் பஃபரில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு. திரைக்கு ஒரு அலை வரவில்லை என்றால் வராமல் போகட்டும், யார் குடி முழுகிவிடும்? சத்தம் ஏன் காத்திருக்க வேண்டும்?

அப்புறம் ரிவெர்ப் (எதிரொலி போன்ற முழக்கம்) மெல்ல அடங்கும்போது எண்கள் மிக மிகச் சிறியதாகி, சத்தமே இல்லாத நேரத்தில் சில பிராசஸர்கள் திணறும். டினார்மல் என்பார்கள். அவற்றைப் பூஜ்ஜியமாக்கும் வசதியைப் போட்டுவிடு, ஒரு வரிதான்.

உன் புது லேப்டாப்பில் ஓடியதைச் சொல்லாதே. உன் பிளக்இன்னை வாங்கப்போவது அம்மன் பாட்டு ரெக்கார்டிங் செய்யும் பழைய 4 ஜிபி கம்ப்யூட்டர்காரர்கள். அப்படி ஒரு மெஷினில் 10 நிமிடம் ஓடவிட்டு, எந்த கால்பேக் மிக அதிக நேரம் எடுத்தது என்று மட்டும் குறித்து அனுப்பு. மியூட்டெக்ஸை எடுத்த பிறகு.